கம்பத்தடித் தண்ணீர்த் தொட்டி

காற்று போகும் திசையைப் பார்த்துச் சொல்வதற்காகவே அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. ஹைட்ரஜன் நிரப்பிய பலூன் ஒன்றைப் பறக்கவிட்டு, அது கண்ணுக்கு எட்டாமல் மறையும் வரை தியோடலைட் என்னும் கருவியின் குழல் வழியே அதைத் தொடர்வேன். பலூன் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமாக அந்த உயரத்துக் காற்று போகிறது என்று பொருள். விடியலில் நீராடி, நீறு பூசி, பழைய பதிகம் ஒன்றை முழுதும் ஓதிவிட்டுத்தான் பலூனைக் கையில் எடுப்பேன். இறைவனின் எட்டு வடிவங்களில் காற்றும் ஒன்று என்று ஓதிய வாயோடு அதே காற்றை அளக்கப் போவதில் எனக்கு உறுத்தல் ஏதும் இருந்ததில்லை. ஆண்டவன் எவ்வழி நடக்கிறான் என்று அடியவன் பார்த்து வைக்கிறான், அவ்வளவுதான் என்று எண்ணியிருந்தேன். பல ஊர்களில் இதையே செய்து முடித்து, ஓய்வு பெற்று, அருப்புக்கோட்டைக்குத் திரும்பி வந்தேன்.

என் மகள் செய்யும் ஆராய்ச்சி இதற்கு நேர் மாறானது. வெளியூர் ஆய்வு நிறுவனம் ஒன்றில் அவள் பணிபுரிகிறாள். அவள் வேலை என்னவென்று கேட்டபோது ஒருமுறை சொன்னாள்:

"நீங்க பலூன விட்டுட்டு, அது எங்க போய்ச் சேருதுன்னு பாத்தீங்கப்பா. நான் காத்து வந்து சேர்ந்த எடத்துல நின்னுக்கிட்டு, இது எங்கெங்க பொறப்பட்டு, எத எதத் தொட்டுட்டு வந்துச்சுன்னு பின்னாலயே போறேன்."

உயரமான கம்பத்தின் உச்சியிலிருந்து குழாய் வழியே காற்றை உறிஞ்சி, அதில் மீத்தேன் எவ்வளவு கலந்திருக்கிறது என்று ஒரு கருவி ஓயாமல் அளக்கும். அதன் பிறகு கணினியில், காற்றின் போக்கைக் கணக்கிடும் வளிமண்டல மாதிரியை ஓட்டுவார்கள். கம்பத்தின் உச்சியில் கணக்கற்ற கற்பனைத் துகள்களை வைத்து, காலத்தைப் பின்னோக்கிச் செலுத்தினால், அத்துகள்கள் வந்த வழியே திரும்பிப் போகும். எந்தெந்த நிலத்தின் மீது தாழ்ந்து பறந்தன என்பது படமாக விழும். அதற்குக் காற்றின் காலடித்தடம் என்று பெயர். அந்த நிலங்களில் மாடு, ஆடு, நெல்வயல், கண்மாய், சாக்கடை, குப்பைமேடு ஆகியவற்றிலிருந்து இவ்வளவு வாயு வரக்கூடும் என்று முன்னரே ஒரு மதிப்பீடு உண்டு. மதிப்பீட்டின்படி கம்பத்துக்கு வந்து சேர வேண்டிய அளவு ஒன்று. கருவி காட்டும் அளவு வேறொன்று. இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு மதிப்பீட்டைத் திருத்துவதே அவர்களுடைய வேலை.

அந்தப் படத்தை அவள் எனக்குக் காட்டியிருக்கிறாள். அதில் ஊர்கள் இல்லை. சதுரங்கள் இருந்தன. அருப்புக்கோட்டையும் பாளையம்பட்டியும் கண்மாய்களும் கரிசலும் ஒரே சதுரத்துக்குள் நிறம் மாறாமல் கிடந்தன. பதிகம் பாடியவர்கள் ஊர் ஊராக நடந்து, அந்தந்த ஊரின் நீரையும் மரத்தையும் வயலையும் சொல்லி, பிறகே அங்கு உறையும் இறைவனைச் சொன்னார்கள். திருச்சுழியும் அப்படிப் பாடல் பெற்ற தலம். இந்தப் படத்திலோ ஊரின் அடையாளம் என்று ஒன்றுமே இல்லை. அதை நான் மகளிடம் சொல்லவில்லை. வேலைக்கு ஏற்ற கருவி, கருவிக்கு ஏற்ற படம்.

இந்த வறண்ட பக்கத்தின் காற்றை ஒரு வருடம் அளக்க வேண்டும், கம்பம் நட இடம் வேண்டும் என்று அவள் கேட்டபோது, திருச்சுழி சாலையில் எங்களுக்குப் பொதுவில் இருந்த மானாவாரி நிலத்தைக் காட்டினேன். அதை என் பங்காளிதான் உழுகிறான். என் வயதுக்காரன், சிறுவயதிலிருந்து என்னோடு வாய்ச்சண்டை போடுவதில் அவனுக்கு ஒரு தனி இன்பம். மீத்தேன் என்ற சொல் காதில் விழுந்ததுமே துண்டை உதறிக்கொண்டு வந்துவிட்டான்.

"ஏலே, டெல்டாக்காரன் எல்லாம் வேணாம் வேணாம்னு ரோட்டுல உக்காந்தான். நீ பெத்த மகளக் கூட்டியாந்து நம்ம காட்டுலயே போர் போடப் பாக்கியா?"

"போர் இல்லடா. மேல ஒரு கம்பம். காத்த இழுத்துப் பாக்கும், அவ்வளவுதான்."

"காத்த மோந்து பாக்குறதுக்கா இம்புட்டு ஒசரம்? எங்கிட்டக் கேட்டா நான் மோந்து சொல்லிட்டுப் போறேன்."

என் மகள் சிரித்துவிட்டாள். "பெரியப்பா, நீங்க என்ன மோந்தாலும் மீத்தேனுக்கு வாடையே கெடையாது."

"வாடை இல்லாததத் தேடியா தாயி உன்னய இம்புட்டுப் படிக்க வச்சான் இவன்?" என்றான். ஆனால் மறுநாள் முள்ளை வெட்டி வழி ஒதுக்கிக் கொடுத்தவனும் அவனே.

இனி என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாம் அவளுடைய மூச்சைப் பற்றியதுதான்.

நிலத்துக்கு மேற்கே, பஸ்ஸில் சற்று நேரம் போனால் வரும் ஓர் ஊரின் ஓரத்தில் அவள் வீடு. ஊரின் பெயரை எழுதுவதில் பயனில்லை. அவள் கணவர் உயிரோடிருந்தபோது கட்டிய வீடு அது. அப்போது எதிரே பொட்டல். பிறகு அந்தப் பொட்டலில் ஊர்க் குப்பையைக் கொட்டத் தொடங்கினார்கள். லோடு லோடாகக் கொட்டிக் கொட்டி அது மேடாயிற்று. மேட்டின் வயிற்றுக்குள் அழுகுவது வாயுவாகி, கோடை வந்ததும் தானாகவே கனலும். சுவாலை தெரியாது, புகை மட்டும் பகலும் இரவும் தரையோடு தவழ்ந்து வீடுகளுக்குள் நுழையும். இளமையில் தங்கையும் நானும் சேர்ந்தே பதிகம் ஓதுவோம். பண் பிசகாமல் பாடுவதில் அவள் எனக்கு ஒரு படி மேலே. இப்போது இரண்டு அடி பாடுவதற்குள் அவளுக்கு இருமல் வந்துவிடும். மதுரையில் பார்த்த டாக்டர் இடத்தை மாற்றச் சொன்னார். என் வீட்டுக்கு வந்துவிடு என்று நானும் கூப்பிடாத நாள் இல்லை.

"நான் வந்துருவேண்ணே. இந்தத் தெருவு எங்க வரும்?" என்பாள். "பக்கத்து வீட்டுப் புள்ளைக்கும் இதே இழுப்புத்தான். அதயும் உங்க வீட்டுக்குக் கூட்டியாரவா? குப்பைய மாத்தச் சொல்லுங்க. மனுசர மாத்தச் சொல்லாதீக."

அந்தத் தெருக்காரர்கள் மனுக் கொடுத்திருந்தார்கள்; அதிகாரிகள் வந்து பார்த்தும் போயிருந்தார்கள். புகை என்று சொன்னால், யாரோ பற்ற வைக்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள் என்ற பதில் வரும். குப்பையே வாயுவாகிக் கனல்கிறது என்று சொன்னால், அதற்கு ஆதாரம் கேட்பார்கள். ஆகவே மருமகளான என் மகள் கம்பம் நடப்போகிறாள் என்ற செய்தி தங்கையின் காதில் விழுந்தபோது அவள் அதைக் கடவுளின் குறிப்பாகவே எடுத்துக்கொண்டாள்.

"ஏத்தா, உன் மிசினு அந்தக் குப்பையச் சொல்லுமா?" என்று என் மகளைக் கேட்டாள்.

"குப்பைன்னு பேரு சொல்லாது அத்தை. மேக்க இருந்து இவ்வளவு வருதுன்னு சொல்லும். மத்ததையெல்லாம் கழிச்சிட்டு மிச்சம் நின்னா, அது குப்பையா இருக்கலாம்னு நான் சொல்லலாம்."

"இருக்கலாமா, இருக்குதா?"

"இருக்கலாம்தான் அத்தை."

"போதும். நீ இருக்கலாம்னு எழுது. மிச்சத்த சாமி எழுதட்டும்."

மறுவாரம் தங்கை நேர்ந்துகொண்டாள். கோடையில் வாயில்லாத உயிர்களுக்குத் தண்ணீர் வைப்பது எங்கள் குடும்பத்தில் வழிவழியாக வரும் தருமம். நோய் நீங்க வேண்டி நேர்ந்துகொள்பவர்கள் தொட்டி கட்டி விடுவார்கள். காற்று உண்மையைச் சொல்ல வேண்டும், குப்பைமேடு போக வேண்டும், தன் மூச்சு திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, கம்பம் நிற்கும் நிலத்திலேயே ஒரு சிமெண்டுத் தொட்டி வைக்கச் சொன்னாள். காற்றைக் கேட்கும் இடத்தில்தானே வேண்டுதலும் இருக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். கம்பத்துக்குச் சற்று மேற்கே வேப்பமரங்கள் கூட்டமாக நின்றன. பங்காளி அந்த நிழலில் தொட்டியைக் கட்டி, டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டான். முதல் தண்ணீர் ஊற்றிய அன்று தங்கை பஸ் ஏறி வந்து தொட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டாள். நான் ஒரு பதிகம் ஓதினேன். கடைசிப் பாட்டில், இதை ஓதுவார் வினை தீரும் என்று பாடியவரே வாக்களிக்கும் இடத்தில், அவளும் குரல் கொடுத்து முடித்தாள். அன்று இருமல் வரவில்லை. அதையும் நல்ல குறி என்றே எடுத்துக்கொண்டோம்.

கோடை பிறந்தது. கொத்தமல்லியும் உளுந்தும் எடுத்த நிலங்கள் வெறுமையாயின. ஆட்டு மந்தைகள் வந்தன. உழவுக்கு முன் நிலத்தில் இரவு முழுதும் ஆடுகளை அடைத்து வைத்து உரமேற்றுவதைக் கிடை போடுவது என்போம். அந்த ஆண்டும் பங்காளி ஒரு கீதாரியோடு பேசி நிலத்தில் கிடை போட்டான். மந்தையை மேய்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போகும் தலைவரைத்தான் கீதாரி என்பது. கம்பத்தடியில் வேலி இருந்தது. சோலார் விளக்கும் எரிந்தது. நாய், நரி, திருடன் எதற்கும் அஞ்ச வேண்டாம் என்று கீதாரிக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று.

என் மகள் கவனமில்லாதவள் அல்லள். கருவியைச் சரிபார்க்க ஒருமுறை வந்தவள் விடிகாலையில் கிடையைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். அசைபோடும் உயிர்களின் வயிற்றிலிருந்து மீத்தேன் வரும்.

"பெரியப்பா, இந்த ஆடுக எப்பவும் இங்கயேதான் இருக்குமா?"

"ராத்திரி மட்டுந்தான் தாயி. வெயிலு வந்துட்டா பத்திக்கிட்டுப் போயிருவாக. பகல்ல ஒரு குட்டியப் பாக்க முடியாது."

அவள் முகம் தெளிந்தது. இரவில் காற்று தரையோடு தேங்கிக் கிடக்கும். அந்நேரத்து அளவுகளை மாதிரியில் அவர்கள் சேர்ப்பதே இல்லை. நடுப்பகலுக்குப் பிறகு, வெயிலில் காற்று நன்றாகக் கடைந்து கலந்த நேரத்து அளவுகளை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே கிடையால் தீங்கில்லை என்று முடிவு செய்தாள். பங்காளி சொன்னதும் பொய்யில்லை. அவன் வாழ்நாளில் கண்ட எல்லாக் கோடைகளிலும் ஆடுகள் பகலில் அந்த நிலத்தில் நின்றதில்லை. நிற்பதற்கு அங்கே என்ன இருந்தது?

மேல்காற்று எழுந்தது. மேற்கிலிருந்து வந்து மண்ணை வாரி முகத்தில் இறைக்கும் காற்று அது. குப்பைமேட்டின் மீது தவழ்ந்து, தங்கையின் தெருவைக் கடந்து, கிழக்கே எங்கள் கம்பத்துக்கு அது வந்து சேரும். அந்த வாரங்களில் மகள் போனில் பேசும்போதெல்லாம் அவள் குரலில் ஒரு துள்ளல்.

"மேக்க இருந்து காத்து வந்தாலே ஏறுதுப்பா. நான் நெனச்சத விட ரொம்ப ஏறுது."

தங்கையிடம் அதைச் சொன்னேன். அவள் படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் மருந்தை ஆவியாக்கித் தரும் நெபுலைசர் மூடி. அதைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சொல்லிருச்சாண்ணே?"

"ஏறுதுன்னு சொல்லுது."

"சொல்லிருச்சு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மூடியை மாட்டிக்கொண்டாள். அன்று மாலை தெருக்காரர்கள் நாலைந்து பேர் வந்து என்னைச் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். நான் என் மகளின் சொற்களையே, கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவர்கள் காதில் விழுந்தது வேறு. குப்பை போகப்போகிறது என்றே எடுத்துக்கொண்டார்கள்.

வருடம் முடிந்து அறிக்கை வந்தது. மேற்கிலிருந்து வந்த மீத்தேன் மிகுதி உண்மைதான். ஆனால் ஒரு குப்பைமேடு தரக்கூடியதை விட அது மிக அதிகமாக இருந்தது. அவ்வளவையும் குப்பையின் மீது ஏற்ற மாதிரிக்கு வழியில்லை. மேற்கே இருந்த சதுரங்களின் பழைய மதிப்பீட்டில் பெரும்பங்கு கால்நடைகளுடையது. ஆகவே திருத்தமும் பெரும்பாலும் கால்நடைகளின் கணக்கிலேயே ஏறியது. இந்த வட்டாரத்தில் ஆடுமாடுகளின் பங்கு முன்பு நினைத்ததை விடக் கூடுதல்; குப்பைமேட்டின் பங்கைத் தனியே பிரித்தறிய இயலவில்லை. அறிக்கையின் சாரம் இதுதான். பதிகத்தின் கடைசிப் பாட்டு பயன் சொல்லி முடியும். அறிக்கையின் கடைசிப் பக்கம் பிழை எல்லையைச் சொல்லி முடிந்தது.

அதன் செய்தி குப்பைக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கும் எட்டியது. தங்கையின் தெருக்காரர்களோடு நானும் அங்கே போனேன். அங்கிருந்த அதிகாரி கெட்டவர் அல்லர். எங்களை உட்கார வைத்து டீ வரவழைத்தார்.

"அய்யா, நான் வானம் பூமி தெரியாதவன். நீங்களே வானிலையில இருந்தவுக. உங்க வீட்டுப் புள்ளையே ஆராய்ச்சி பண்ணிச் சொல்லிருச்சு, ஆடு மாடுதான்னு. இனி நான் குப்பைய மாத்தணும்னு மேல எழுதினா, என்னயப் பாத்துச் சிரிக்க மாட்டாகளா?"

"புகை வருதே சார்," என்றார் எங்களோடு வந்த ஒருவர்.

"ஆட்டுக்கு வாயக் கட்டுங்க, புகை நின்னுரும்," என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, அறை முழுதும் சிரிப்பு. அதிகாரி அதட்டினார், ஆனால் அவர் உதட்டிலும் சிரிப்பு இருந்தது. தெருக்காரர்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பும் வழியில் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது.

அறிக்கை போன பிறகும் மகளின் மனம் ஆறவில்லை. மணிக்கணக்கில் சராசரியாக்கிய அளவுகளை விட்டுவிட்டு, கருவி நொடிதோறும் எழுதிய மூல அளவுகளைத் திறந்து பார்த்திருக்கிறாள். தொலைவிலிருந்து வரும் வாயு வழியிலேயே கலந்து, ஏறுவதும் இறங்குவதும் தெரியாமல் வரும். பக்கத்திலிருந்து வருவது அப்படி அல்ல, துடித்துத் துடித்து வரும். கோடையின் நடுப்பகல் அளவுகள் துடித்தன. உடனே ஊருக்கு வந்துவிட்டாள். மறுபடியும் கோடை பிறந்திருந்தது. கருவி அடுத்த இடத்துக்குப் போக வேண்டிய முறை வந்து, கம்பத்தைக் கழற்ற ஆட்கள் வரவிருந்த வாரம். அவளும் நானும் உச்சி வெயிலில் நிலத்துக்குப் போனோம்.

வேப்பமரத்து நிழல் முழுதும் ஆடுகள். தொட்டியைச் சுற்றி இடித்துக்கொண்டு நின்றவை சில. குடித்து முடித்து, கால் மடக்கிப் படுத்து, கண்களைப் பாதி மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தவை பல. மேல்காற்று அவற்றின் மீது படிந்து நேரே கம்பத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கீதாரி மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தவர் எங்களைக் கண்டதும் எழுந்தார்.

"பகல்லயும் இங்கதான் இருப்பீங்களா?" என்று மகள் கேட்டாள். அவள் குரல் எனக்கே அன்னியமாக இருந்தது.

"போன கோடையில இருந்துதாம்மா. காலையில மேச்சுட்டு உச்சிக்குத் தண்ணிக்கு இங்க பத்தியாந்துருவோம். வெயிலு தாழத்தான் கெளம்புறது. கண்மாய் எல்லாம் வெடிச்சுக் கெடக்கு, இம்புட்டுத் தண்ணி வேற எங்கம்மா இருக்கு?" என்றவர் தொட்டியைப் பார்த்துக் கும்பிட்டார். "இதக் கட்டுன மகராசிக்கு ஒரு நோவும் வரக் கூடாது. வாயில்லாச் சீவன் வயிறு குளுந்தா அது வாழ்த்துறது வீண் போகாது."

தொட்டியின் விளிம்பில், வெயிலில் உதிர்ந்துபோன குங்குமத்தின் கறை இன்னும் இருந்தது. மகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கம்பத்தின் நிழலில் போய் உட்கார்ந்தாள்.

தொட்டித் தண்ணீருக்கு வந்த ஆடுகளின் வாயுதான் குப்பையின் கணக்கை மறைத்துவிட்டது என்பது பங்காளிக்குப் புரிய வெகுநேரம் ஆயிற்று. புரிந்ததும் தலையில் கைவைத்துக்கொண்டான். "பகல்ல ஒரு குட்டியப் பாக்க முடியாதுன்னு நாந்தான்டா சொன்னேன். காலையில தண்ணிய ஊத்திட்டு நான் வீட்டுக்குப் போயிருவேன். உச்சி வெயில்ல இங்க எவன் வந்து பாக்குறான்? தண்ணி கொறையிது, பறவ பட்சி குடிக்கிதுன்னுதான் நெனச்சேன்."

அவள் விட்டுவிடவில்லை. ஆடுகள் நின்ற நாள்களையெல்லாம் நீக்கிவிட்டு மாதிரியை மறுபடி ஓட்டினாள். ஆடுகள் நின்றது கோடையில். மேல்காற்று வீசுவதும் கோடையில். குப்பை கனல்வதும் அதே கோடையில். ஒன்றை நீக்கினால் மூன்றும் போயின. எஞ்சியது ஐப்பசி கார்த்திகையின் வாடைக்காற்று. அது வடகிழக்கிலிருந்து வருவது. குப்பைமேட்டை அது கண்டதே இல்லை. காணாததைப் பற்றிச் சொல்ல அதனிடம் ஒன்றும் இல்லை. எரியும் புகையோடு வரும் வேறொரு வாயுவையும் சேர்த்து அளந்திருந்தால் ஆட்டையும் குப்பையையும் பிரித்திருக்கலாம் என்றாள். அதற்கான கருவி அந்தத் திட்டத்தில் இல்லை. இன்னொரு கோடைக்கு அனுமதி கேட்டாள், கிடைக்கவில்லை. அறிக்கையின் முடிவை நம்ப வேண்டாம் என்று திருத்தம் அனுப்பினாள். அலுவலகத்தில் அது யாருக்கும் பயன்படவில்லை. ஆடுகள்தான் என்பதை நம்ப வேண்டாம் என்று அது சொன்னது. குப்பைதான் என்று சொல்ல அதனால் முடியவில்லை.

ஆடுகளைப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பப் புறப்பட்டபோதே மகள் சொல்லியிருந்தாள்: "அத்தைகிட்ட இதச் சொல்லிராதீங்கப்பா."

சொல்லக் கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த நாள்களில் பதிகம் ஓத உட்கார்ந்தால் மனம் நிற்கவில்லை. வேண்டியவள் குறை வைக்கவில்லை. தண்ணீர் ஊற்றியவன் குறை வைக்கவில்லை. குடித்த உயிர்களும் வாழ்த்தாமல் இல்லை. எல்லாம் முறைப்படி நடந்து, அந்த முறையே அவள் மூச்சின் மேல் வந்து அமர்ந்துகொண்டது. இதற்கு எந்தப் பாட்டில் விடை இருக்கிறது என்று தெரிந்த பதிகங்களையெல்லாம் புரட்டிப் பார்த்தேன். இறைவனைக் கண்ணில்லாதவன் என்றும் செவியில்லாதவன் என்றும் உரிமையோடு ஏசியவர்கள் உண்டு. ஏசி முடித்தபின் அவர்களுக்கு அருளும் கிடைத்தது. எனக்கு ஏசவும் நா எழவில்லை.

சென்ற வாரம் தங்கையைப் பார்க்கப் போனேன். சன்னல்களைச் சேலையைக் கிழித்து அடைத்திருந்தார்கள். உள்ளே மின்விசிறி சுழன்றது. அது சுழற்றியதும் அதே புகையைத்தான். அவள் வாக்கியங்கள் இப்போது துண்டுதுண்டாக வருகின்றன.

"மருமக... என்னமோ... திருத்தி அனுப்புச்சாமே?"

"அனுப்பினா."

"என்ன சொன்னாக?"

"பாப்பம்னு சொன்னாக."

அவள் சிரித்தாள். பாப்பம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா? சற்றுப் பொறுத்து, "ஒரு பதிகம் பாடுங்கண்ணே," என்றாள். பாடினேன். அவள் உதடு மட்டும் அசைந்தது. கடைசிப் பாட்டுக்கு வந்தபோது என் குரல் தானாக நின்றது.

"என்னண்ணே... அதுதான... பலன் சொல்ற பாட்டு. அத விட்டா... பாடுனதுக்கு... என்ன அர்த்தம்?"

பாடி முடித்தேன். அவள் கண்களை மூடிக் கேட்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொட்டிக்கு... இந்தக் கோடையும்... தண்ணி ஊத்துறாகல்ல?"

"ஊத்துறாக."

"நிப்பாட்டிராதீக. அந்தப் புண்ணியத்துலதான்... இந்த மூச்சாவது... ஓடுது."

"நிப்பாட்ட மாட்டோம்," என்றேன்.

மறுநாள் நிலத்துக்குப் போனேன். கம்பம் இல்லை. அதை இழுத்துக் கட்டியிருந்த கம்பிகளின் முளைகள் மட்டும் மண்ணுக்கு வெளியே தலைகாட்டிக்கொண்டு நின்றன. பங்காளி டிராக்டரை நிறுத்தி, என்னைக் கண்டும் எப்போதும்போல் வாயாடாமல், தொட்டிக்குள் குழாயைப் போட்டான். தண்ணீர் விழும் ஓசை கேட்டு ஆடுகள் ஓடி வந்தன. கீதாரி தூரத்திலிருந்தே கேட்டார்:

"மகராசி எப்படி இருக்காக அய்யா?"

"இருக்காக," என்றேன்.

மேல்காற்று எழுந்தது. ஆட்டு வாடைக்குள், கருகிய பிளாஸ்டிக்கின் வாடையும் மெலிதாக வந்தது. பங்காளியும் மூக்கைச் சுளித்து மேற்கே பார்த்தான்.